நாக்குக்குத் தெரியாத உப்பு

டீ போடுகிறவரிடம் பாலைத் தனியாகக் காய்ச்சிக் கடைசியில் ஊற்றச் சொல்லுங்கள் அம்மா. இந்தக் காம்பவுண்டுக் கிணற்றுத் தண்ணீரில் பாலையும் தூளையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் திரியத்தான் செய்யும். உங்கள் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அது பால் இல்லை, உப்பு. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் என்றால் என் வாய் சும்மா இருக்காது.

என் பெயர் ஒச்சாயி. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்களே பெரியகருப்பன், அவன் என் தம்பி. கிணற்றில் செத்துக் கிடந்த சூர்யகலா அவன் பெண்டாட்டி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் ஆர்.டி.ஓ.தான் விசாரிக்க வேண்டுமாம், இவளுக்கு வருஷம்கூடத் திரும்பவில்லை, அதனால்தான் உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். சேவுகம்பட்டியிலிருந்து அவளுடைய அப்பா இருளப்பன் வந்து, நகை கேட்டுக் கொடுமைப்படுத்தினார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பெற்றவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் ஒரு குண்டுமணி தங்கம் கேட்டதில்லை. தம்பி அவள்மீது கை வைத்ததில்லை. அவனை நீங்கள் விட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் நானே வந்தேன்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று வாசலில் பியூன் சொன்னார். அப்படியானால் ஒரு வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கும் என்பதே உங்களுக்குப் புதிதாக இருக்கும். எங்கள் வீடு மலைக்கோட்டைக்குப் பின்னால் இருக்கிற சந்தில். கொல்லையில் அப்பா பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாது, ஆனால் உப்பு. துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் வருகிற ஆத்தூர் அணைத் தண்ணீர். அதைத்தான் நல்ல தண்ணீர் என்போம். திண்டுக்கல் தனி ஜில்லாவானதிலிருந்து ஆபீஸ்கள் கூடின, குழாய்த் தண்ணீர் கூடவில்லை. சாயங்காலம் திறந்துவிடுவார்கள், ஒருநாள் வரும், மறுநாள் வராது. வரிசையில் குடத்தை வைத்து, சண்டை போட்டு, நாலு குடம் பிடித்துவருவது என் வேலை. எங்கள் சந்தில் என்னை எதிர்த்து வரிசையில் நுழைந்தவள் கிடையாது.

என்னைக் கட்டிக்கொடுத்த இடம் நிலைக்கவில்லை. அவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்தார், நான் பெட்டியோடு திரும்பி வந்தேன். அப்போது தம்பி பள்ளிக்கூடம் போகிற பையன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்கு ஆக்கிப்போட்டு வளர்த்தது இந்தக் கைதான். பூட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அவனுக்குத் தினமும் பருப்புக் குழம்பு வேண்டும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பருப்பு மட்டும் கரைந்திருக்க வேண்டும்.

சூர்யகலா வந்து முதல்நாள் சமைத்தது நான் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில். பருப்பு வெண்ணெயாகக் கரைந்துவிட்டது. தம்பி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, உன் கைய மிஞ்சிட்டாளே," என்றான். கேலிக்குச் சொன்னதுதான். நானும் சிரித்தேன். அப்போது கோபம் எதுவும் வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னான். "தொப்பம்பட்டிச் சித்தப்பா ஒத்தையில கெடக்குறாகக்கா. நீ அங்கிட்டுப் போயி இருந்தீன்னா அவுகளுக்கு ஒத்தாசையா இருக்கும். இங்கதான் இவ இருக்காள்ல." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைத்திருப்பான். தை பிறக்கட்டும் என்றேன். சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகையும், அங்கே சாணி அள்ளிக்கொண்டு நான் கிழவியாவதும் கண் முன்னால் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது அம்மா. ஆக்கிப்போட ஒரு ஆள் இல்லையென்றால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கு மறுநாள்தான், சமையலுக்கு வைத்திருக்கிற அடுப்படிக் குடத்தில் முதல்முறையாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி கலந்தால் நாக்குக்குத் தெரியாது, பருப்புக்குத் தெரியும். அன்று பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது, வேகவில்லை. தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக முழித்துக்கொண்டு கிடந்தது. "என்ன புள்ள, கூழாங்கல்லப் போட்டு வச்சிருக்கியா?" என்று தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒரு நாளோடு நிறுத்திவிட நினைத்துத்தான் செய்தேன்.

அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். சேவுகம்பட்டியில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அந்த ஊரில் பிறந்த பெண்ணுக்குப் பருப்பு வேகாமல் போகும் என்பதே தெரியாது. கொல்லைக் கிணறு உப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அடுப்படிக் குடம் குழாய்த் தண்ணீர் என்றுதான் நம்பியிருந்தாள். குடிக்கிற மண்பானை வேறு, அதில் நல்ல தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவேன். தம்பி குடிக்கிற தண்ணீரில் கை வைக்க எனக்கு மனசு வராது. புதுப்பெண்ணைக் குழாயடிச் சண்டைக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் வழக்கம், அதனால் தண்ணீர் முழுக்க என் கையில்தான் இருந்தது.

இன்னொரு குடமும் இருந்தது. வீட்டுச் சாமிக்கு மூலையில் வைத்திருக்கிற நல்ல தண்ணீர்க் குடம். விரதம் இருக்கிற என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. நான் சமைக்கிற நாளில் அதிலிருந்து மொண்டுகொள்வேன். அவள் சமைத்தால் பருப்பு வேகாது, நான் சமைத்தால் கரையும். அடுப்பு ஒன்று, பானை ஒன்று, பருப்பும் அதே பருப்பு. பார்க்கிறவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? கையைத்தான் நினைப்பார்கள்.

நான் அவளை ஒருநாளும் திட்டியதில்லை. "சிலருக்குக் கைவாகு அப்படித்தான் தாயி, நீ என்ன செய்வ," என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். பிறகு நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பால் திரிந்தால், மாவு புளித்தால், தம்பிக்குப் பட்டறையில் கை நசுங்கினால், அவளே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

உப்புத் தண்ணீருக்கு வழியில்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன், உங்கள் குவார்ட்டர்ஸிலும் உதவும். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் உப்பு ஓரளவு அடியில் தங்கிவிடும், மேலாக வடித்துக்கொள்ளலாம். ஒரு சிட்டிகை சோடா மாவு போட்டால் எந்தத் தண்ணீரிலும் பருப்பு வெந்துவிடும். வடிகஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தேய்த்தால் தலைமுடி சிக்காது, கொத்துக் கொத்தாகக் கொட்டாது. அவளுக்கு முடி கொட்டியது. சுருட்டிச் சுருட்டி ஜன்னலில் வைத்திருப்பாள். இதில் எதையும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. குக்கர் ஒன்று வாங்கலாமா மதினி என்று கேட்டாள். தம்பிக்குக் குக்கர் பருப்பு பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். அவனிடம் நான் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவளுடைய வீட்டுக்காரர் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார், அரிசிக்குத் தண்ணீர் பார்க்காமல் அவர்கள் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அவள்தான் சுவர் வழியாக ஒருநாள் சூர்யகலாவிடம் சொன்னாள். "பருப்பு வேகலைன்னா தண்ணியப் பாரும்மா. கையப் பாத்துக்கிட்டு நிக்கிற?" நான் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது.

சூர்யகலா பிளஸ் டூ படித்தவள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் காலையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் அடுப்படிக் குடத்துத் தண்ணீரை ஊற்றி, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினாள். நுரை வரவில்லை, தயிர் திரிந்த மாதிரி மேலே மிதந்தது. ஓடிவந்து என்னிடம்தான் முதலில் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "குழாய்த் தண்ணியே கெட்டுப்போச்சு போல மதினி. சாயங்காலம் அவுக வரட்டும், காட்டுறேன்," என்றாள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. குழாயைத்தான் சந்தேகப்பட்டாள். காட்டு தாயி என்றேன்.

அன்று தம்பி சோற்றைப் பட்டறைக்கே எடுத்துப் போயிருந்தான். மத்தியானம் அவள் கொஞ்ச நேரம் கண் அசந்தாள். நான் அடுப்படிக் குடத்தைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, கழுவி, சாமிக் குடத்துத் தண்ணீரால் நிரப்பி வைத்தேன்.

சாயங்காலம் தம்பியை உட்காரவைத்தாள். ஜெய்தூன் பீவியையும் கூப்பிட்டு வந்தாள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றினாள், சோப்பைப் போட்டாள், குலுக்கினாள். நுரை பாட்டில் கழுத்து வரைக்கும் ஏறியது. அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றிக் குலுக்கினாள். மறுபடியும் நுரைதான். "காலையில வரலைங்க. மதினியக் கேளுங்க, அவுக பாத்தாக," என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா," என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் அப்போது பேசியது. ஜெய்தூன் பீவி, தண்ணியில கொறையில்லம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். தம்பி சூர்யகலாவின் தலையைத் தடவிக்கொடுத்தான். அவன் தடவிக்கொடுத்ததில்தான் அவள் ரொம்ப உடைந்துபோனாள் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் தன் கண்ணையும் நம்பவில்லை, கையையும் நம்பவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டிக் கூட்டிவந்தோம். பானையைத் தொட மாட்டாள். விளக்கு ஏற்ற மாட்டாள். கொல்லையில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு போகாது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அது போகவில்லை என்று மறுபடியும் கழுவுவாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒச்சாயி அவளைத் தன் மகள் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று.

தொப்பம்பட்டிப் பேச்சை அதன்பிறகு தம்பி எடுக்கவில்லை. தை வந்தது, போனது.

வயிற்றில் பிள்ளை இருந்தது ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தபோது தெரிந்திருக்கும். தம்பிக்கு முன்பே எனக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "இந்தக் கையால புள்ளைய எப்பிடி மதினி தூக்குவேன்?" என்று கேட்டாள். "நீ தூக்க வேணாம் தாயி. பெத்து மட்டும் குடு, நான் வளத்துக்கிறேன்," என்றேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். அந்த வாரம் முழுவதும் நான் பழைய சேலைகளைத் துவைத்துத் தொட்டிலுக்கு எடுத்து வைத்தேன்.

அவள் செத்த அன்று காலையில் தம்பி பட்டறைக்குப் போய்விட்டான். ஜெய்தூன் பீவி மாங்காய் தருகிறேன் என்று கூப்பிட்டதால் சூர்யகலா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உலையை வைத்துவிட்டு அடுப்படிக் குடத்தைக் கிணற்றடிக்குத் தூக்கி வந்தேன். இனி அவள் சமைக்கப்போவதில்லை, பிறகு எதற்குக் கலந்தாய் என்று கேட்பீர்கள். பழகிவிட்டது. ஒருநாள் கலக்காவிட்டால், எல்லாம் சரியாகிவிடுமோ என்று பயம் வந்துவிடும்.

வாளியிலிருந்து குடத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவள் கொல்லை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மடியில் மாங்காய். குடத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. பக்கத்தில் வந்து கேட்டாள். "அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா மதினி?"

"இல்ல தாயி," என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

மாங்காயெல்லாம் கீழே உருண்டன. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவே இல்லை அம்மா. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவளுக்கு என்மீது கோபம்கூட வரவில்லை. தன் கை திரும்பக் கிடைத்ததே போதும் என்று இருந்தது. "அவுக வரட்டும், ரெண்டு தண்ணியையும் வச்சுக் குலுக்கிக் காட்டுறேன்," என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அவள் கழுவிக் கழுவிச் சோப்பு படிந்த கல் அது. வாளியை இழுக்கும்போது கால் வழுக்கியது. கைப்பிடிச் சுவர் எங்கள் வீட்டில் முழங்கால் உயரம்தான்.

உடனே முழுகிவிடவில்லை. கயிறு ஒரு கையில் இருந்தது. பாறையில் அப்பா வெட்டிவிட்ட படிக்கல்லில் ஒரு கால் பட்டு நின்றாள். நான் குனிந்தால் எட்டுகிற தூரம். மற்றக் கையை மேலே நீட்டினாள். "கையக் குடுங்க மதினி," என்றாள்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். வெடித்து, வெளுத்து, எண்ணெய் தடவிய கை. அது ராசியில்லாத கை, தொட்டது விளங்காது என்று சந்து முழுக்கச் சொல்லி, அவளையும் நம்பவைத்து, கடைசியில் நானும் நம்பியிருந்தேன் போல. அதைத் தொட எனக்குக் கூசியது. அது மட்டும் இல்லை. அவள் மேலே வந்தால் நான் தொப்பம்பட்டிக்குப் போக வேண்டும் என்பதும் ஞாபகம் இருந்தது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே உலை கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. போய்ப் பருப்பைப் போட்டேன். சாமிக் குடத்து நல்ல தண்ணீர் வைத்த உலை அது. மதினி, மதினி என்று கூப்பிடுவது அடுப்படி வரைக்கும் கேட்டது. பிறகு கிணற்றுக் கப்பி ஒருமுறை கிறீச்சென்று சுற்றியது. அதற்குப் பிறகு பருப்பு கொதிக்கிற சத்தம் மட்டும்தான். கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. விறகைத் தள்ளிப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றும் வேகவில்லை. அதற்கப்புறம்தான் வெளியே வந்து ஜெய்தூன் பீவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வந்தவர்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாவம், கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லாத புள்ள, குதிச்சிருச்சு என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து என் கையில் பருப்பு வேகவில்லை அம்மா. குழாயிலிருந்து நேராகப் பிடித்து வந்து வைத்தாலும் முழித்துக்கொண்டுதான் கிடக்கிறது. அந்தக் கண்ணாடி பாட்டிலை எடுத்து நல்ல தண்ணீரை ஊற்றிச் சோப்பைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். மேலே திரிந்து மிதக்கிறது. குழாயடியில் குடம் நிரம்பி வரும்போது, வாய்க்கு அருகில் தண்ணீர் ஏறுகிற சத்தம் இருக்கிறதே, அதில் மதினி என்று கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. நான் குடத்தை நிரம்பவிடாமல் கழுத்துக்குக் கீழேயே எடுத்துவிடுகிறேன். வேறு யாரோ என் குடத்தில் உப்புத் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்றும் சில நேரம் சந்தேகம் வருகிறது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அவ்வளவுதான் விஷயம். அவள் குதிக்கவில்லை. தம்பிக்கு எதுவும் தெரியாது. அவள் கையை நீட்டினாள், நான் பிடிக்கவில்லை. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தீர்களானால் உதவியாக இருக்கும். சாயங்காலம் குழாய் திறந்துவிடுவார்கள். தம்பி ஸ்டேஷனிலிருந்து பசியோடு வருவான். நான் போய்த்தான் அவனுக்கு நல்ல தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.